பார்சலுக்கு ரசீது உண்டு, பிள்ளைக்கு இல்லையா?



நான் ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. ஒரு கூடை வெற்றிலை வழியில் தொலைந்தால்கூட, ரசீது எண்ணைக் காட்டி நஷ்டஈடு கேட்கலாம். எந்த வண்டியில் ஏற்றினோம், எங்கே இறக்கினோம் என்று நாங்கள் பதில் எழுதியே தீர வேண்டும்.

சென்ற மாதம் மட்டாஞ்சேரியில் நம் சந்தில் குடியிருக்கும் ஒரு தாய், காணாமற்போன மகனைத் தேடிக் காவல் நிலையம் போனார். பத்தொன்பது வயது, பஜாரில் மூட்டை தூக்குகிறவன். அங்கே கேட்ட முதல் கேள்வி: "கஞ்சா பார்ட்டியா?" ஊருக்கு ஓடியிருப்பான், நாலு நாள் பாரு என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. திரும்பி வந்தவர் வாயைத் திறக்கவில்லை. பையன் சில மாதங்களாக யாரோடு சுற்றினான் என்பது அவருக்குத் தெரியும். சொன்னால் வீட்டு ஓனர் காலி செய்யச் சொல்வார், மகளுக்குப் பேசிய சம்பந்தம் கலையும்.

இதைவிடக் கொடுமை, நம் சங்கத்திலேயே சிலர், "அந்த மாதிரிப் பையனுக்காக நாம் போனால் நம் பெயர் கெடும்" என்றார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒருவனை மறைக்க வேண்டுமானால் முதலில் அவனுக்கு ஒரு கெட்ட பெயர் வைக்க வேண்டும். 1976-ல் அந்தப் பெயர் நக்சலைட். அவசரநிலைக் காலம். மார்ச் 1-ந் தேதி கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவன் ராஜனைப் போலீஸ் பிடித்துக் கக்கயம் முகாமுக்குக் கொண்டுபோனது. தகப்பனார் ஈச்சர வாரியர் ஒரு கல்லூரி ஆசிரியர். மந்திரி வீடு, அதிகாரி வீடு என்று ஓராண்டு நடந்தார். பதில் இல்லை. 1977 மார்ச்சில் அவசரநிலை நீங்கியதும், இதோ நம் எர்ணாகுளம் உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்று அரசு சாதித்தது! நீதிமன்றம் நம்பவில்லை. ஏப்ரல் 13-ல் தீர்ப்பு. அந்த மாதமே முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகினார்.

வெற்றி என்று கை தட்டிவிடாதீர்கள். ராஜனின் உடல் கிடைக்கவே இல்லை. கோவையில் நடந்த வழக்கில் போலீஸ் அதிகாரிகளுக்குக் கிடைத்த தண்டனையும் மேல்முறையீட்டில் அடிபட்டுப் போயிற்று. 2006-ல் வாரியர் மகனுடைய சாம்பலைக்கூடக் காணாமல் கண் மூடினார். ஆனாலும் "பிடிக்கவே இல்லை" என்ற பொய் செத்தது. அதைக் கொன்றது ஒரு தகப்பனின் மனு.

போதைக் கும்பல்கள் கொழுத்த மெக்சிகோவைப் பாருங்கள். காணாமற்போனோர் அரசுப் பதிவேட்டிலேயே 2022-ல் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். அங்கே 2014 செப்டம்பர் 26 இரவு, இகுவாலா நகரில் ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் 43 பேரைப் போலீஸே பிடித்துச் சென்றது. கும்பல் கொன்று குப்பைமேட்டில் எரித்துவிட்டது என்று சொல்லி அரசு கோப்பை மூடப் பார்த்தது. மாணவர்களுக்குள் கும்பல் ஆள் கலந்திருந்தான் என்ற பேச்சும் கிளப்பப்பட்டது. பெற்றோர் ஒப்பவில்லை; படங்களைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றார்கள். கடைசியில் 2022-ல் அரசு அமைத்த ஆணையமே இதை அரசின் குற்றம் என்று எழுதியது.

பையன் கஞ்சா குடித்தானா? குடித்திருக்கலாம். விற்றானா? அதற்குச் சட்டம் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. அதற்காக அவன் எங்கே என்று கேட்கும் உரிமை அவன் தாய்க்கு இல்லாமற் போய்விடுமா? கும்பலோடு பழகியவன் காணாமற்போனால், ஊருக்கு ஓடினான் என்று எழுதிவிடலாமா? கும்பலுக்கு அதுதானே வேண்டும்!

கேரள போலீஸ் சட்டம், 2011-ன் 57-ஆம் பிரிவு, காணாமற்போனவரைத் தேடுவது போலீஸின் கடமை என்கிறது. நல்ல பையனை மட்டும் என்று அதில் இல்லை. மலையாளியை மட்டும் என்றும் இல்லை. நிலையத்தில் வாங்க மறுத்தால் கமிஷனருக்கு ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

போன ஞாயிறு பதினான்கு பேர் அந்தத் தாயோடு போனோம். பெஞ்சில் மூன்று மணி நேரம். புகார் பதிவாயிற்று, எண் கிடைத்தது. பையன் இன்னும் வரவில்லை. அவனைக் கடைசியாகப் பார்த்தவர்கள் சங்க அறைக்கு வாருங்கள், மாலை ஏழுக்கு மேல் இருப்பேன். சொல்பவர் பெயர் வெளியே போகாது.