விருதும் வாசகர் நோக்கும்

சாகித்திய அகாதெமி விருது பெற்ற புதினங்களை இருவகையாக அணுகுவர். விருது பெற்றமையாலேயே போற்றுவார் ஒருசாரார்; அதனாலேயே ஐயுறுவார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் நூலைப் படியாமலே செய்யத்தக்கவை. படித்தபின் எழும் கருத்தே வாசகருக்குரியது எனக் கொண்டு, இரு புதினங்கள் குறித்து ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

முதலாவது, 2012இல் விருது பெற்ற டி. செல்வராஜின் 'தோல்'. நம் திண்டுக்கல்லே அதன் களம். ஆசிரியர் இந்நகரில் வழக்கறிஞராக வாழ்ந்தவர், 2019இல் மறைந்தார். மலைக்கோட்டையையும் பூட்டையும் கூறி ஊர்ப்பெருமை பேசும் நாம், தோலைப் பேசுவதில்லை. சுண்ணாம்புக் குழியில் இறங்கி உழைத்த தொழிலாளரையும், அவர்கள் சங்கமாய்த் திரண்டதையும் இந்நூல் பேசுகின்றது.

இவ்வூர்த் தோல் ஷாப்பு முதலாளிகளுள் நம் சமுதாயத்தவரும் இருந்தனர். ஆதலின், 'நம்மவரைக் குறைத்துக் காட்டலாமா?' என்னும் மனக்குறை சிலருக்கு எழக்கூடும். நாம் அதனை ஏற்பதற்கில்லை. உழைத்தவர் கூலியை உடனே தருமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்க, உழைத்தவர் கதைக்குச் செவி சாய்ப்பதே நமக்கு முறையாகும். எனினும் நூலில் குறையும் உண்டு. பாத்திரங்கள் மிகப்பல, இயக்கத்தின் குரல் ஓங்குமிடத்துத் தனிமனிதர் குரல் தாழ்ந்துவிடுகின்றது.

தனிமனிதரை அணுகிக் காட்டுவதில் 1997இல் விருது பெற்ற தோப்பில் முகமது மீரானின் 'சாய்வு நாற்காலி' விஞ்சி நிற்கின்றது. வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுண்டும் பழம்பெருமை விடாத முஸ்தபாக்கண்ணு மறக்கவொண்ணாப் பாத்திரம். குமரி மாவட்ட வட்டார வழக்கு தொடக்கத்தில் நம்மைச் சற்றே தடுக்கும்; பொறுத்தால் பழகிவிடும். அவ்வீட்டுப் பெண்டிர் படும் துயரை மீரான் மறைத்தாரல்லர். தம் சமுதாயத்தின் குறையைத் தாமே எழுதிய அவரை 'நம் எழுத்தாளர்' எனக் கொண்டாடுகின்றோம். அங்ஙனமாயின், அதே உண்மையைப் பிறர் எழுதுங்கால் முகஞ்சுளிப்பது எவ்வாறு பொருந்தும்?

மாணவச் செல்வங்களுக்கு நாம் கூறுவது இது: விருதுப் பட்டியல் நூலகத்திற்கு வழிகாட்டும், தீர்ப்பு உங்களுடையது. சுண்ணாம்புக் குழியில் நின்றோரின் பேரரும் அதன் கரையில் நின்றோரின் பேரரும் இன்று ஒரே பெஞ்சில் அமர்ந்து பயிலக்கூடும். அவ்விருவரும் 'தோல்' நூலைச் சேர்ந்து படித்து வாதிடுவாராயின், அதுவே அந்நூலுக்கு நம் ஊர் அளிக்கும் விருதாகும்.