தோற்ற அணிக்கும் ஒரு கைத்தட்டல்!



"மலருக்கு ஒரு கட்டுரை குடுடா" என்று மலர்க்குழு நண்பன் கேட்டபோது, 'இளைஞனே எழுந்து வா', 'வெற்றியின் ரகசியம்' என்று ஏதாவது எழுதிக் கொடுத்துத் தப்பித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்த வருடம் மனசை உறுத்துவது வேறு விஷயம். நம் கால்பந்து அணி ஐந்து ஆட்டம் ஆடியது. ஐந்திலும் தோற்றது. அந்த ஐந்திலும் கோல் கம்பத்துக்கு நடுவே நின்றவன்தான் இதை எழுதுகிறான்!

பேரவைக் கூட்டத்தில் கணக்கு வாசித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "தோக்குற டீமுக்கு எதுக்குடா டீயும் பன்னும்?" எல்லாரும் சிரித்தார்கள். வெட்கத்தை மறைக்க நானும் சிரித்தேன். 'அடுத்த வருடம் கால்பந்து வேண்டாம், அந்தப் பணத்தையும் வாலிபாலுக்கே கொடுத்துவிடலாம்' என்று ஒரு யோசனை வந்தது. முடிவு அடுத்த ஆண்டின் முதல் கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. அப்போது நான் இங்கே இருக்க மாட்டேன். அதனால்தான் இப்போதே எழுதி வைக்கிறேன்.

நம்ம ஊர்க் கதையிலிருந்தே ஆரம்பிப்போம். சென்னையின் எஃப்.சி. அணியை எல்லாருக்கும் தெரியும். 2018 மார்ச் 17. பெங்களூரு மைதானத்திலேயே பெங்களூரு அணியை 3-2 என்று வீழ்த்தி, இரண்டாம் முறையாக ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கியது. அடுத்த சீசனில் என்ன ஆச்சு? பதினெட்டு ஆட்டம். வெற்றி இரண்டு, டிரா மூன்று, தோல்வி பதின்மூன்று. மொத்தம் 9 புள்ளி. பத்து அணிகளில் பத்தாவது இடம்! நடப்புச் சாம்பியன் கடைசி பெஞ்சில். வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ் முழங்கால் காயத்தோடு வெளியே உட்கார வேண்டியதாயிற்று. பயிற்சியாளர் ஜான் கிரிகரியை விரட்டு என்று கத்தியவர்களும் உண்டு. ஆனால் நிர்வாகம் அந்த சீசன் முடியும்வரை அவரை மாற்றவில்லை.

பிறகு நடந்ததைப் பாருங்கள். அதே அணி 2019 ஏப்ரலில் சூப்பர் கோப்பை இறுதி ஆட்டம் வரை போய் கோவாவிடம் 1-2 என்று தோற்றது. அடுத்த சீசனும் தொடக்கம் மோசம்தான். கிரிகரி விலகினார், ஓவன் காயில் வந்தார். 2020 மார்ச்சில் அந்த அணி ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டத்தில் நின்றது. கொரோனா காரணமாக ஒரு ரசிகர்கூட இல்லாத கோவா மைதானத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் 1-3 என்று தோற்றது. கோப்பை வரவில்லைதான். ஆனால் பத்தாவது இடத்திலிருந்து ஒரே வருடத்தில் இறுதி ஆட்டம்! கடைசி இடம் வந்த அன்றைக்கே கடையைச் சாத்தியிருந்தால் இது நடந்திருக்குமா?

இன்னொரு வேடிக்கையும் சொல்லியாக வேண்டும். அதே 2018-19ல் கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன் ஆனது. தமிழ்நாடே கொண்டாட வேண்டிய வெற்றி. ஆனால் 2021-22 ஐ-லீக் பட்டியலில் அந்த அணியின் பெயரே இல்லை. அந்த வருடம் முதலிடம் வந்த அணி மூன்று வருடத்தில் காணாமல் போனது, கடைசி இடம் வந்த அணி மறுவருடமே மேலே வந்தது. புள்ளிப் பட்டியல் ஒரு வருடத்துக் கணக்கு மட்டும்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இதைவிடப் பரிதாபமான கதை ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே ஃபுட்பால் என்றால் நம்ம கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும், எதிராளி பாய்ந்து தள்ளுவான். பாதி ரக்பி, பாதி நம்ம கபடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர் நேரம். வாட்டசாட்டமான ஆட்களெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். 1944ல் சிகாகோ கார்டினல்ஸ், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற இரண்டு தொழில்முறை அணிகளை ஒரு சீசனுக்கு ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். பெயர் 'கார்ட்-பிட்'. இரண்டு பயிற்சியாளர்கள், ஒரே அணி!

முதல் ஆட்டத்தில் கிளீவ்லாந்து அணியிடம் 28-30 என்று நூலிழையில் தோற்றார்கள். 'அடுத்ததில் பார்த்துக்கலாம்' என்று நினைத்திருப்பார்கள். அந்த அடுத்தது வரவே இல்லை. பத்து ஆட்டம், பத்தும் தோல்வி. கடைசி ஆட்டத்தில் 7-49. 'கார்ட்-பிட்' என்ற பெயரைக் 'கார்பெட்' என்று திரித்தார்கள். எல்லாரும் மிதித்துவிட்டுப் போகும் கம்பளமாம்! 'டீயும் பன்னும்' என்று கேட்ட நம் நண்பருக்கு அங்கேயும் அண்ணன்மார் இருந்திருக்கிறார்கள்.

அந்த அணியில் ஜானி கிரிகாஸ் என்று ஒருவர். தோற்கிற அணியில் இருந்துகொண்டே, பந்தோடு ஓடிக் கடந்த தூரத்தில் அந்த லீக்கிலேயே முன்னணியில் நின்றவர். வாராவாரம் அடி வாங்கி வாங்கி உடம்பும் மனசும் விட்டுப்போய், கடைசி ஆட்டத்துக்கு முன்னால் கிளம்பிப் போய்விட்டார்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நம் ஐந்தாவது ஆட்டத்துக்கும் ஒருவன் வரவில்லை. நம்மிடம் ஒழுங்காகப் பந்தைக் கொண்டு போகத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். "பயந்தாங்கொள்ளி" என்று பஸ்ஸில் திட்டிக்கொண்டே வந்தோம். அதிகமாகத் திட்டியது நான். பிறகுதான் தெரிந்தது... அவன் ராத்திரி லேத் பட்டறையில் வேலை பார்த்துவிட்டுக் காலையில் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தவன். நாலு ஆட்டமும் அப்படித்தான் ஆடியிருக்கிறான். ஐந்தாவது நாள் எழுந்திருக்க முடியவில்லை. நான் இன்னும் அவனிடம் நேராக மன்னிப்புக் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் கேட்டுக்கொள்கிறேன். மன்னிச்சுடுடா மச்சான்!

சரி, கம்பளம் என்று கேலி செய்யப்பட்டவர்கள் கதி என்ன? போர் முடிந்தது, போனவர்கள் திரும்பினார்கள். மூன்றே வருடம்... 1947ல் கார்டினல்ஸ் அமெரிக்காவின் சாம்பியன்! ஸ்டீலர்ஸ் இன்னும் நெடுநாள் காத்திருந்தது. 1970களில் நான்கு முறை கோப்பை வென்றது.

"அப்போ தோத்தா நல்லதா?" என்று கேட்காதீர்கள். தோல்வியில் ஒரு புனிதமும் கிடையாது. கோல் விழும்போது கம்பத்துக்கு நடுவே நிற்பவனுக்குத் தெரியும் அந்த வலி. நான் சொல்வது இதுதான்: எத்தனை கோல் என்பதோடு ஏன் தோற்றோம் என்பதையும் கேளுங்கள். நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள். லேத்தில் ஜாப் சரியாக வரவில்லை என்றால் மெஷினையா பழைய இரும்புக்குப் போடுகிறோம்? டூல் மழுங்கியிருக்கா, ஜாப் ஆடுதா என்றுதானே முதலில் பார்க்கிறோம்? நம் அணியில் போன வருடம் ஆடிய பதினொரு பேரில் எட்டுப் பேர் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்கள் சேர்ந்து பயிற்சி செய்தது மூன்று வாரம். ஃபால்ட் எங்கே என்று தெரிகிறதா?

வாலிபால் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் ஜெயித்தீர்கள், உங்களுக்கு நல்ல வலையும் பந்தும் கட்டாயம் வேண்டும். ஆனால் ஜெயிக்கிறவனுக்கு மட்டும்தான் மைதானம் என்று வைத்தால், முதலாம் ஆண்டுப் பையன் எங்கே போய்க் கற்றுக்கொள்வான்? திருவதிகையில் கெடிலத்து மணலில் பந்து உதைத்த எனக்கு, பூட்ஸ் போட்டு ஒழுங்கான மைதானத்தில் ஆடக் கிடைத்த முதல் இடம் இந்தக் கல்லூரிதான்.

ஆகவே பேரவைக்கு என் வேண்டுகோள் மூன்று. எந்த அணியையும் ஒரு வருடத் தோல்விக்காகக் கலைக்கக் கூடாது, குறைந்தது இரண்டு வருடம் கொடுங்கள். பயிற்சியைப் போட்டிக்கு மூன்று வாரம் முன்பு என்றில்லாமல், கல்லூரி திறந்த மாதமே தொடங்குங்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு ஏற்ற மாதிரி பயிற்சி நேரத்தை வையுங்கள். டீயும் பன்னும் வேண்டுமானால் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்!

கடைசியாக ஒன்று. நாம் தினமும் பஸ்ஸில் கடந்து வருகிற நெய்வேலிச் சுரங்கத்தை நினைத்துப் பாருங்கள். 1957 மே மாதம் நேரு வந்து தோண்டும் வேலையைத் தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். இடையில் நாலு வருடம் வந்ததெல்லாம் வெறும் மண்ணும், ஊற்றெடுத்த தண்ணீரும்தான். "மண்ணுதானே வருது, மூடிட்டுப் போங்கப்பா" என்று இரண்டாவது வருடமே சொல்லியிருந்தால், இந்த ஊர் ஏது? நம்மில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரிந்திருக்குமா?

நம் கால்பந்து அணி இன்னும் மண் எடுத்துக்கொண்டிருக்கிறது. மூடிவிடாதீர்கள், நண்பர்களே!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன் (ஐந்து ஆட்டத்தின் கோல் கீப்பர்)