இடாப்பிலே பெயர், பிள்ளை எங்கே?

பிள்ளைகளைச் சரிவர எண்ண அறியாத ஆட்சி, அவர்களுக்குரிய பங்கைச் சரிவரப் பகிரவும் அறியாது. ஆண்டுதோறும் கல்வி அமைச்சு பாடசாலைத் தொகைமதிப்பு நடத்துகின்றது. மாணவர் எத்தனை, ஆசிரியர் எத்தனை, கணினி எத்தனை என்று கேட்கின்றது. ஆசிரியர் ஆளணியும் பாடநூலும் சீருடையும் மாணவர் தொகையை ஒட்டியே வருகின்றன. எண் பிழைத்தால் பங்கு பிழைக்கும்.

கமநல சேவை நிலையத்து ஏட்டிலே நான்கு ஏக்கர் இரண்டாக விழுந்துவிட்டால் பசளைக்கு என்ன கதி என்பதை எம் விவசாயப் பெருமக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. வயலுக்குப் பொருந்தும் நியாயம் வகுப்பறைக்குப் பொருந்தாதா?

எண்ணிலே நேரும் தவறு அற்பமானது என்போர் 2011ஆம் ஆண்டை நினைவுகூர்வாராக. அவ்வாண்டு உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தில் தோற்றியோரையும் புதியதில் தோற்றியோரையும் ஒன்றாகக் கூட்டி இசட் புள்ளி கணித்தனர். 2012இல் உயர் நீதிமன்றம் அக்கணிப்பைத் தள்ளிவைத்தது. கணினிகளும் நிபுணர்களும் சூழ்ந்த கொழும்பிலே நிகழ்ந்த தவறு அது!

அவ்வாறாயின் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் என்ன எதிர்பார்க்கின்றனர்? எழுதுவினைஞர் இல்லாத சிறு பாடசாலையில் அதிபரே ஆசிரியர், அதிபரே எழுதுவினைஞர். மாரி வெள்ளம் பாதையை மறிக்கும். இரவில் யானை மறிக்கும். அவர் தம் சொந்தக் கைத்தொலைபேசியில், சொந்தப் பணத்தில் வாங்கிய இணைய டேற்றாவில், கேட்ட விபரத்தையே மீண்டும் மீண்டும் நிரப்புகின்றார். காலையில் ஒரு படிவம். மாலையில் வாட்ஸ்அப்பில் இன்னொன்று. "இன்றே அனுப்புக" என்ற கட்டளை! அவசரத்தில் கேட்ட கணக்கு அரைகுறையாகத்தானே பிறக்கும்? பின்னர் தவறு யார் தலையில் விழுகின்றது?

2019ஆம் ஆண்டு அரசாங்கப் புள்ளிவிபரத்தின்படி இந்நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு குடும்பத்திடமே கணினி இருந்தது. அடுத்த ஆண்டே கொரோனா வந்து பாடசாலைகளை மூடிற்று. பாடம் இணையத்துக்கு ஏறிற்று. கருவி கொடாது கல்வி கொடுத்தோம் என்று எழுதிக்கொள்வதும் பொய்க்கணக்கே.

எம்மவர் பக்கத்துக் குறையையும் மறைக்கோம். ஆசிரியரை இழக்க நேருமென்று அஞ்சி, வயற்கூலிக்கும் கடற்றொழிலுக்கும் போய்விட்ட பிள்ளையின் பெயரை இடாப்பிலே வைத்திருப்பது நன்மையன்று. பெயர் இருக்கும்வரை இடைவிலகல் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாத பிள்ளையைத் தேடி எவரும் படலை தட்டார். பல்கலைக்கழக அனுமதியிலே பின்தங்கிய மாவட்டமென்று மட்டக்களப்புக்கு இடமுண்டு. பின்தங்கிய உண்மையையே ஏட்டில் மூடி மறைத்தால் எவரிடம் நியாயம் கேட்போம்?

நாம் கேட்பது தானமன்று. ஒரு விபரத்தை ஒரு முறையே கேளுங்கள். சிறு பாடசாலைகள் சிலவற்றுக்குப் பொதுவாக ஓர் எழுதுவினைஞரையேனும் நியமியுங்கள். இணைய இணைப்பை அதிபரின் சட்டைப்பையிலிருந்தன்றி அரசாங்கச் செலவில் கொடுங்கள். அனுப்பிய தொகைகளைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலே வாசியுங்கள். தம் ஊர்ப் பிள்ளைகளை எண்ணப் பெற்றோருக்குக் கணினி வேண்டியதில்லை.

பெற்றோரே, அடுத்த கூட்டத்துக்குச் செல்லுங்கள். இடாப்பைக் கேளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிள்ளை உண்டா என்று பாருங்கள்!