டிரைவர் சொல் காற்றோடு போகலாமா?

லாரி விபத்து என்றதும் எல்லோரும் ஒரே ஓர் ஆளைத்தான் தேடுகிறார்கள். அவர் டிரைவர்.

"குடித்திருந்தாரா? தூங்கி விட்டாரா?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது.

"வண்டியில் கோளாறு என்று அவர் முன்பே சொன்னாரா? சொன்னதற்கு முதலாளி என்ன செய்தார்?"

இந்தக் கேள்விக்குப் பல வேளைகளில் பதில் கிடைப்பது இல்லை. ஏன்? டிரைவர் சொன்னது வாய்ச் சொல். எழுத்தில் எதுவும் இல்லை.

நாமக்கல், சங்ககிரி பக்கத்து லாரிப் பட்டறைகளில் இப்படிப் பேச்சு நடக்கும்:

"பிரேக்கு எறங்கித்தான் புடிக்குதுங்க முதலாளி. லைனரைப் பார்க்கோணுங்க."

"இந்த லோடை எறக்கிட்டு வா தம்பி. அப்புறம் பார்த்துக்கலாம்."

அவ்வளவுதான். லாரி புறப்பட்டு விடும். சொன்ன சொல் காற்றோடு போய் விடும்.

எப்.சி. போதுமா?

"லாரிக்குத்தான் எப்.சி. இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். எப்.சி. என்பது தகுதிச் சான்று. வண்டி சாலையில் ஓடத் தகுந்தது என்று சோதித்துப் பார்த்துக் கொடுப்பது. லாரிக்கு 8 வயது ஆகும் வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை இந்தச் சான்று வாங்க வேண்டும். அதன் பிறகு ஆண்டுதோறும் வாங்க வேண்டும்.

எப்.சி. அவசியம். ஆனால், அது ஒரு நாள் சோதனை. அன்றைக்கு லாரி மாப்பிள்ளை போல வருகிறது. புதுப் பெயிண்டு, புது விளக்கு, நல்ல டயர்!

மற்ற நாட்களில் வண்டியைப் பார்க்கிறவர் யார்? டிரைவர்தான். காலையில் எஞ்சினை ஓட விட்டு, ஏர் பிரேக்குக்குக் காற்று ஏறுகிறதா என்று பார்க்கிறார். டயரைத் தட்டிப் பார்க்கிறார். ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்தால் அவர் கைக்குத் தெரிகிறது. லாரியின் நாடி பார்க்கும் வைத்தியர் அவர். அந்த வைத்தியரின் சொல்லுக்குத்தான் மதிப்பு இல்லை.

தொப்பூர் இறக்கம்

தர்மபுரியில் இருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. நீண்ட இறக்கம். அங்கே நடந்த லாரி விபத்துகள் பல.

பாரம் ஏற்றிய லாரி, பிரேக்கையே நம்பி இறங்கினால் டிரம்மும் லைனரும் சூடாகும். சூடு ஏற ஏற பிடிப்பு குறையும். அதனால்தான் இறக்கத்தில் சின்ன கியரில் வர வேண்டும் என்கிறார்கள். நியூட்ரலில் விடக் கூடாது என்கிறார்கள்.

லைனர் நன்றாக இருக்கும் லாரிக்கே இந்த எச்சரிக்கை. லைனர் தேய்ந்த லாரி வந்தால் என்ன ஆகும்? முன்னால் போகும் பஸ்சில் பிள்ளைகுட்டிகளோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு, பின்னால் வரும் ஆபத்து தெரியுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 190-வது பிரிவு இருக்கிறது. ஆபத்தான பழுது உள்ள வண்டியை, அது தெரிந்தும் ஓட்டுவது குற்றம். ஓட்டச் சொல்வதும், ஓட்ட விடுவதும் குற்றம். அபராதம் 1,500 ரூபாய். பழுதினால் விபத்து நடந்து யாருக்காவது காயம் பட்டால் 3 மாதம் வரை சிறைக்கும் போக நேரும்.

ஆகவே முதலாளிக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் அவருக்குப் பழுது தெரியும் என்று எப்படிக் காட்டுவது? "என்னிடம் யாரும் சொல்லவில்லையே" என்று அவர் சொன்னால், டிரைவர் தனியாக மாட்டிக் கொள்வார்.

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அன்றைய ஓட்டம் முடிந்ததும் டிரைவர் வண்டியின் பழுதை எழுதிக் கொடுக்க வேண்டும். பிரேக், கைப்பிரேக், ஸ்டியரிங், விளக்கு, டயர், ஹாரன், வைப்பர், கண்ணாடி என்று 11 இனங்களைப் பார்க்க வேண்டும்.

எழுதிக் கொடுத்த பிறகு, பழுதைச் சரி செய்ததாகவோ, அந்தப் பழுதுக்கு ரிப்பேர் தேவை இல்லை என்றோ கம்பெனி கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் வண்டி மறுபடி ஓடலாம். அடுத்து ஓட்டும் டிரைவரும் அதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காகிதத்தை 3 மாதம் வைத்திருக்க வேண்டும்.

முன்பு, பழுது இல்லாத நாளிலும் "பழுது இல்லை" என்று எழுத வேண்டி இருந்தது. காகிதம் மலை போலக் குவிந்தது. 2014-ல் லாரிகளுக்கு அதை நீக்கி விட்டார்கள். பழுது இருந்தால் மட்டும் எழுதினால் போதும்.

ஆபத்தான வண்டியை ஓட்ட மறுக்கும் டிரைவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 1982-லேயே அங்கே சட்டம் செய்து விட்டார்கள்.

ஒரு நோட்டு போதும்

இந்த முறை இங்கும் வர வேண்டும். லாரிக்கு ஒரு நோட்டு. பழுதை டிரைவர் எழுத வேண்டும். முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். சரி செய்த மெக்கானிக்கும் கையெழுத்துப் போட வேண்டும். எப்.சி.க்கு வரும்போது அந்த நோட்டையும் அதிகாரிகள் பார்க்க வேண்டும்.

"எழுதத் தெரியாத டிரைவர் என்ன செய்வார்?" என்று கேட்கலாம். நோட்டில் பிரேக், டயர், விளக்கு என்று படம் போட்டுக் கொடுத்தால் போதும். பழுது உள்ள படத்தின் மேல் ஒரு கோடு இழுக்கத் தெரியாதவர் யாரும் இல்லை.

"ஒரே ஒரு லாரி வைத்திருப்பவர் என்ன செய்வார்? கடன் தவணை கட்டவே பணம் இல்லையே" என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவிலும் ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு இந்த விதியில் விலக்கு உண்டு. இங்கே சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவருக்கு நோட்டு வேண்டாம் என்று வைக்கலாம். சம்பளத்துக்கு வேறு ஓர் ஆளை ஏற்றினால் நோட்டு வேண்டும். அந்த ஆளுக்கும் ஓர் உயிர்தான். தேய்ந்த லைனரை மாற்றும் செலவு பெரிதா, பள்ளத்தில் கிடக்கும் லாரியைத் தூக்கும் செலவு பெரிதா என்று முதலாளிகளும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முக்கியமானது, எழுதிய டிரைவருக்கு வேலை போகக் கூடாது. அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் நோட்டில் ஓர் எழுத்தும் விழாது. அரசு செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியது இல்லை. ஒரு நோட்டு வாங்கச் சட்டம் எதற்கு? டிரைவர் வீட்டுப் பெண்களே தொடங்கி வைக்கலாம். "சாப்பிட்டீங்களா?" என்று போனில் கேட்கிறவர்கள், "பிரேக்கு பழுதுன்னீங்களே, நோட்டில் எழுதினீங்களா?" என்றும் கேட்கட்டும்.

வாயால் சொன்னதை மறுத்து விடலாம். தேதி போட்டு எழுதியதை அவ்வளவு எளிதில் மறுக்க முடியாது!