சபை உடன்படிக்கை எதற்கு?

திடப்படுத்தல் ஆராதனையில் நாமெல்லாம் சில பொருத்தனைகளைச் செய்தோம். முன்னிரவில் நெட்டுருப் பண்ணி, மறுநாள் பிழையின்றி ஒப்புவித்து, அன்று மாலையே மறந்தும் போனோம். இவ்வாறு மறக்கப்படும் வாக்கினால் யாது பயன் என வினவும் நண்பர் நம் விடுதியிலே பலர். விசுவாசம் ஆத்துமாவுக்கும் ஆண்டவருக்கும் உரிய காரியமன்றோ, இடையே சபையாருக்கு ஏன் கடன்பட வேண்டும் என்பது அன்னார் வாதம்.

அன்பர்காள், மயிலாடியை நினைமின். தஞ்சையிலே ஞானஸ்நானம் பெற்று மகாராசன் என்னும் பெயர் மாறிய வேதமாணிக்கத்தின் ஊர் அது. 1806ஆம் ஆண்டில் ரிங்கல்தௌபே ஐயர் திருவிதாங்கூருக்கு வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. 1816இல் ஐயர் உடல் நலங்குன்றி அகன்றார். மீட் ஐயர் நாகர்கோவிலில் பணி தொடங்கியது 1818இல். அவ்விடைக்காலத்தில் சபைகளைப் பராமரித்தவர் வேதமாணிக்கமே. அன்னியர் ஒருவர் தோளில் மட்டும் நின்ற கூரையாயின் அவர் போனதும் சரிந்திருக்கும். சரியாமைக்குக் காரணம், அவ்வெளியோர் ஒருவரையொருவர் தாங்கியமையே எனத் துணிகின்றோம்.

தமிழகத்தில் குடிமராமத்து என்றொரு வழக்கம் இருந்தது. மழைக்கு முன் ஊரார் கூடிக் கால்வாயைத் தூர் வாருவர். தலைமடைக்காரன் வாராவிடினும் அவன் வயலுக்கு நீர் பாயும், காய்வது கடைமடை. ஆதலின் அவன் மண்வெட்டி எடுத்தது கடைமடையான் பொருட்டே. சபை உடன்படிக்கையின் நோக்கமும் இதுவே என்பது நம் கருத்து. சமைக்குமுன் பிடியரிசி எடுத்து வைக்கும் நம் அன்னையர்க்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை!

1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்திய திருச்சபை உருவானபொழுது, எச்சபைக்கும் அதற்குப் பழக்கமில்லாத ஆராதனை முறையையோ ஊழியத்தையோ வலிந்து சுமத்துவதில்லை என்றொரு வாக்கு அளிக்கப்பட்டது. லண்டன் மிஷன் வழிவந்த நம் சபைகளும், ஆங்கிலிக்கரும், மெதடிஸ்தரும் ஒன்றாதற்கு அவ்வாக்கு துணையாயிற்று. பிறரைக் கட்டுதற்கன்றித் தம்மைக் கட்டுதற்கே அன்று வாக்குக் கொடுத்தனர் என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

நாமோ அதனைப் பிறர் குற்றம் அளக்கும் முழக்கோலாக்கி விட்டோம். நாம் அறிந்த ஒரு சபையிலே ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் சந்தா பாக்கி கூட்டத்தில் உரக்க வாசிக்கப்பட்டது. நான்கு மாதமாய் அவள் ஏன் வரவில்லை என்று வினவியவர் எவருமிலர். அவள் நோயுற்றுக் கிடந்தாள். அவள் கொடுத்த வாக்கை நினைவூட்டினோரெல்லாம் தாம் அவளுக்குக் கொடுத்த வாக்கை மறந்தனர். ஒரே பாத்திரத்தில் பந்தி கொள்வோர் பெண் கொள்ளுங்காலும் தேர்தல் வருங்காலும் சாதி விசாரிப்பதும் இதன் பாற்பட்டதே.

பாக்கிப் பட்டியல் வாசிக்கும் நாளில், அவ்வீடுகளுக்குச் சென்று வந்தோர் பட்டியலும் வாசித்தல் கூடாதா? விடுமுறையில் நம் ஊர்ச் சபைக் கூட்டத்தில் இதனைக் கேட்கத் துணிந்துள்ளோம். மூப்பர்கள் யாது சொல்வரோ, அறியோம்.