ரிமோட் யார் கையில்?

இப்போது செல்போனே டிவிக்கு ரிமோட் ஆகிவிட்டது. சில போன்களின் மேல் விளிம்பில் அகச்சிவப்புக் கதிர் அனுப்பும் சிறு விளக்கு இருக்கிறது. பழைய டிவிக்கும் பெரும்பாலும் அது போதும். ஸ்மார்ட் டிவி என்றால் ஒரே வைஃபையில் இருந்தாலே சரி. 1955-இல் அமெரிக்காவில் வந்த முதல் கம்பியில்லா டிவி ரிமோட், டார்ச் லைட் மாதிரி ஒளி அடித்தது. விஞ்ஞானம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது பாருங்கள்!

ஆனால் எனக்கு ஒரு கேள்வி. ரிமோட் டிவி பக்கத்திலேயே கிடக்கும். அப்பத்தாவும் எடுக்கலாம், தம்பியும் எடுக்கலாம். போன் அப்படியா?

எங்கள் வீட்டு ரிமோட் உடைந்து மூணு மாசம் ஆச்சு. "போன்லயே வருதே, புதுசு எதுக்கு?" என்கிறான் அண்ணன். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அண்ணன் வெளியே போனால் அம்மாவும் அப்பத்தாவும் ஓடுகிற சேனலையே பார்க்க வேண்டியதுதான். சாதாரண ரிமோட் 200 ரூபாய்க்குள் கடையில் கிடைக்கிறது.

போன் ரிமோட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதோடு வீட்டுக்குப் பொதுவாக ஒரு ரிமோட்டும் இருக்கட்டும். எல்லோருக்கும் உரிய பொருள் ஒருவர் சட்டைப் பைக்குள் போய்விடக் கூடாது என்பதே என் கருத்து. சிந்திப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி