நான்கு காலும் தரையில் இருக்கட்டும்

காலை ஏழு மணி. கெடா மாநிலத்துக் குருணில் ஒரு தாமான் குடியிருப்பு. மூலையில் ரொட்டிக்காரர் மோட்டாரின் ஹார்ன் கேட்கிறது. அதுவரை சாக்கடை ஓரத்துப் புல்லை முகர்ந்துகொண்டிருந்த எட்டு மாத லாப்ரடார் தலையைத் தூக்குகிறது. அடுத்த நொடி, வாரின் மறுமுனையில் இருப்பவர் செருப்பு தேய ஓடிக்கொண்டிருக்கிறார். மோட்டாரை எட்ட முடியாத ஆத்திரத்தில் நாய் திரும்பி வாரைக் கவ்வி உதறுகிறது. பிடித்திருப்பவரின் முழங்கை மேலேயே தாவுகிறது. கேட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த பாட்டி, "கயித்த விட்றாதப்பா!" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

இப்படிப்பட்ட காலைகள் பழகிப்போன குடும்பங்கள் சில சேர்ந்து குருண், பீடோங், ஜெனியாங் வட்டாரத்து மக்கள் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றன. நாய் அவர்களுடையது, பொறுப்பும் அவர்களுடையதுதான், அதில் மறுப்பில்லை. ஆனால் வளரும் நாய்க்கு வீட்டில் ஒரு வாத்தியார் என்றால் தெருவில் நூறு வாத்தியார்கள். வேண்டுகோளில் பாதி அந்த நூறு பேருக்கு.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொல்லையே புதிது. லயத்து நாயை யாரும் வாரில் கட்டி நடத்திப் போனதில்லை. பால் வெட்டக் கிளம்புபவரின் சைக்கிளுக்குப் பின்னால் அது தானாக ஓடும், நிரைக்குள் சுற்றும், களைத்தால் வந்து வாசலில் படுக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கு வந்தபோது நாயின் உலகம் கார் நிறுத்தும் இடத்தளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்த இடத்தில் இப்போது லாப்ரடார் நிற்கிறது. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலோரத்தில் மீனவர்களோடு குளிர்நீரில் உழைத்த நாய்களின் வாரிசு அது. பிரிட்டனில் சுட்ட பறவையைக் கவ்விக்கொண்டு வருவதற்கென்றே வளர்த்து, 1903-இல் தனி இனமாகப் பதிவு செய்தார்கள். ஓடுவதும் கவ்வுவதும் அதன் ரத்தத்தில் ஊறிய வேலை. வளர்ந்தால் 30 கிலோவையும் தாண்டலாம். நாள் முழுக்கப் பூட்டிவைத்துச் சாயங்காலம் கால் மணி நேரம் வெளியே விட்டால், சேர்த்துவைத்த தெம்பு முழுவதும் அந்தக் கால் மணியில்தான் வெளியே வரும்.

வயதும் ஒரு காரணம். இங்கிலாந்தில் நியூகாசல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷரும் அவரோடு ஆய்ந்தவர்களும் 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வழிகாட்டி நாய்களாகப் பழக்குவதற்காக வளர்க்கப்பட்ட லாப்ரடார்கள், கோல்டன் ரிட்ரீவர்கள், இரண்டின் கலப்புகள் ஆகியவற்றின் கீழ்ப்படிதலைக் கவனித்தார்கள். ஐந்து மாதத்தில் "உட்கார்" என்றதும் உட்கார்ந்த நாய், எட்டு மாதத்தில் வளர்த்தவர் சொன்னால் காதில் வாங்குவது குறைந்தது. அதே சொல்லை அந்நியர் ஒருவர் சொன்னால் கேட்டது! ஒரு வயதாகும்போது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. படிவம் இரண்டில் பிள்ளை வைத்திருக்கும் எந்த அம்மாவிடமாவது கேட்டிருந்தால் இதை ஆய்வில்லாமலே சொல்லியிருப்பார்.

வருத்தம் என்னவென்றால், பொறுமை தீர்வதும் இந்த மாதங்களில்தான். சிலர் நாயைச் சங்கிலியில் போட்டு மறந்துவிடுகிறார்கள். சிலர் காரில் ஏற்றிப்போய்ச் செம்பனைக் காட்டோரம் இறக்கிவிட்டு வருகிறார்கள். சிலர் அடிக்கிறார்கள். விலங்கைக் கொடுமையாக அடிப்பது 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி குற்றம். அபராதம் 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை, மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும்: அடிபட்ட நாய் தாவுவதை நிறுத்தலாம், கூடவே கையைக் கண்டால் கடிக்கவும் கற்றுக்கொள்ளலாம்.

ஊராரிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நாய் மேலே தாவினால் அதைக் கொஞ்சவும் வேண்டாம், கையை வீசிக் கத்தவும் வேண்டாம். லாப்ரடாருக்கு இரண்டும் விளையாட்டு அழைப்புதான். கையைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றால் அதற்குச் சலித்துவிடும். நான்கு காலும் தரையில் பட்ட பிறகு, விருப்பமிருந்தால், நெஞ்சுப் பக்கம் தடவிக்கொடுக்கலாம். பிள்ளைகள் ஓடாமல் மரம் மாதிரி நின்றால் போதும். பத்து நாள் வீட்டில் சொல்லிக்கொடுத்ததைப் பதினோராம் நாள் கடைவாசலில் ஒருவர், "பரவால்லங்க, எனக்கு நாய்னா உசுரு" என்று தாவும் நாயைக் கட்டியணைத்துக் கலைத்துவிடுகிறார். நான்கு நம்பர் லாட்டரி எடுத்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் புரியும். எப்போதோ ஒரு தரம் விழுந்தால் போதும், ஆசை விடாது.

இனி நாய்க்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது. முதலில் சூராவ், அதாவது தொழுகைக்கூட விஷயம். வெயிலுக்குப் பயந்து விடியுமுன் நாயோடு கிளம்புகிறார்கள். மலாய்க்கார அண்டைவீட்டார் சுபுஹு தொழுகைக்குப் போய்த் திரும்புவதும் அந்த நேரம்தான். நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் அவர்கள் அந்த இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். 'செர்த்து' என்பது அதுதான். நாய்க்குத் தாவுவது ஒரு நொடிச் சந்தோஷம். தொழப் போகும் பெரியவருக்கோ உடைமாற்றி முதலிலிருந்து தொடங்கும் வேலை. "அன்பாத்தான் தாவுது" என்ற சமாதானம் அங்கே எடுபடாது, எடுபடவும் கூடாது. சூராவ் இருக்கும் ரோட்டை விட்டு வேறு வழியில் போக வேண்டும். எதிரே ஆள் வந்தால் வாரைச் சுருக்கிப் பிடித்துச் சாலையின் மறுபக்கம் ஒதுங்க வேண்டும்.

அடுத்தது பிடி. வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் ஆபத்தானது. அமெரிக்காவில் 2001 முதல் 2020 வரை, வாரில் நாய் நடத்தும்போது காயமடைந்து அவசரப் பிரிவுக்குப் போன பெரியவர்கள் 4 லட்சத்துக்கும் மேல் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதிகம் கண்டது விரல் முறிவு. கழுத்தை இறுக்கும் சங்கிலியை விட, நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ள உடல் பட்டை நல்லது. நாய் முன்னே இழுத்தால் பட்டை அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடும்.

பழக்கும் முறையில் மாயம் ஒன்றுமில்லை, பொறுமையைத்தான் தின்னும். வார் இறுகியதும் நின்றுவிட வேண்டும். தளர்ந்ததும் நடை. முதல் வாரம் நான்கு வீடு தாண்டுவதற்கே இருபது நிமிடம் ஆகும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கிளர்ச்சி தலைக்கேறி நாய் வாரைக் கவ்வும்போது பதிலுக்கு இழுத்தால் கயிறிழுப்புப் போட்டிதான் நடக்கும். அப்போது அவித்த கோழியைப் பயறளவு கிள்ளிப் புல்லில் ஏழெட்டுத் துண்டு எறிந்தால் போதும். மூக்கு தரைக்குப் போகும், வாய் வாரை விடும், மூச்சு மெல்ல அடங்கும். லாப்ரடாரிடம் இது நன்றாகவே பலிக்கும். பிரிட்டனில் ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாரிடம் பசியைத் தணிக்கும் மரபணு ஒன்று குறைபட்டிருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டுபிடித்தார்கள். எவ்வளவு தின்றாலும் போதாத பிறவி. ஆகவே தெருவில் கொடுத்ததை இரவுச் சாப்பாட்டில் கழித்துவிட வேண்டும், இல்லையென்றால் பழகிய நாய் பருத்த நாயாகிவிடும்.

இன்னொன்று, தரைச் சூடு. ஜெராய் மலை உச்சியில் மேகம் கட்டியிருந்தாலும் அடிவாரத் தார் ரோடு சுடும். புறங்கையைத் தாரில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயை இறக்கக் கூடாது.

2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் ரேபிஸ் தலைகாட்டியதை இந்த வட்டாரம் மறக்கவில்லை. அதனால் நாயின் பல்லோ நகமோ பட்டவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அப்போது நாய்க்காரர் நழுவக் கூடாது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் செய்து, அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போக வேண்டும். தடுப்பூசி அட்டையையும் உரிமத்தையும் கையோடு காட்ட வேண்டும்.

கடைசியாக ரொட்டிக்காரருக்கு ஒரு வார்த்தை. ஹார்னை வழக்கம்போல அடிக்கலாம். அவர் சத்தம் கேட்டும் அடங்கி நிற்க நாய் கற்றுக்கொள்ளத்தானே வேண்டும்? இந்த வீடுகளின் முன் மோட்டாரை நிறுத்தியதும், நாயின் பின்பக்கம் தரையில் படும்வரை ரொட்டிப் பையை நீட்டாமல் கொஞ்சம் காத்திருந்தால் போதும். இப்போதைக்குப் பத்து எண்ண வேண்டியிருக்கும்.